வணங்கிய பயிர்

வரைபடத்தை மடிக்கும்போது சரியாக மடிப்பு விழுந்த இடத்தில் மேழிநாடு இருந்தது. மடித்து மடித்து மை தேய்ந்து, கடைசியில் எந்தப் படத்திலும் அது தெரியாமல் போயிற்று. அந்நாட்டு மக்களுக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. ஏரியில் தண்ணீர் இருந்தது, நெல் விளைந்தது, அரசர் என்று ஒருவரும் இருந்தார்.

அரசர் பெயர் பரிவேந்தர். பட்டத்துக்கு வந்த ஆண்டிலேயே அவருக்குக் குடிமக்களின் நலத்தைக் கண்ணால் காண வேண்டும் என்று தோன்றிவிட்டது. அமைச்சர்கள் மூன்று நாள் கூடிப் பேசினார்கள். சாலையில் போனால் சாலைதான் தெரியும், விளைச்சல் தெரியாது. ஆகவே அரசரின் நலம் காணும் சவாரி வயல்களின் ஊடாகவே நடக்கும் என்று ஆணை பிறந்தது. பயிர் பார்க்க அழகாக இருப்பது கதிரில் பால் பிடிக்கும் பருவத்தில் என்பதால் சவாரியும் அந்தப் பருவத்தில்தான். குதிரைகள் சாலையில் போனால் நடந்து போகிறவர்களுக்கு இடைஞ்சல் என்பதால், மக்கள் நலன் கருதி எந்தக் குதிரையும் இனிச் சாலையில் கால் வைக்கக் கூடாது. சவாரி கடக்கும்போது குடிகள் வரப்பில் நின்று தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். நிமிர்ந்து பார்த்தால் குதிரை மிரளும்.

சிலம்பாயியின் நிலம் தென்கோடியில், ஏரி மதகை ஒட்டி இருந்தது. ஐம்பது வயது, கணவன் இறந்து பத்தாண்டு, தனியாளாக உழுது பிழைப்பவள். முதல் சவாரி அவள் வயலின் நடுவே போனது. தலை குனிந்து நின்றவளுக்குக் குளம்புகளும், சேற்றில் புதைந்த கதிர்களும் மட்டும் தெரிந்தன. அரசர் நம் வயலைப் பார்த்தாரே என்று அந்த ஆண்டு பொறுத்துக்கொண்டாள். மறு ஆண்டும் வந்தார்கள். அதற்கடுத்த ஆண்டு இரண்டு முறை வந்தார்கள்.

ஊர் கூடிப் பேசி, கொம்பையன் என்பவனிடம் மனு கொடுத்துத் தலைநகருக்கு அனுப்பினார்கள். நன்றாகப் பேசுவான், பயம் அறியாதவன். போனவன் திரும்பவில்லை. சிறையில் போட்டிருப்பார்கள் என்று ஊர் முடிவு செய்தது. அவன் மனைவி தங்கப்பூ அதற்குப் பிறகு யாரோடும் அதிகம் பேசவில்லை.

மனு போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமாகச் சில மாதங்களில் பதில் மட்டும் வந்தது. பயிர் மிதிபடுவதாகச் சொல்வது பிழை என்றது பதில். அது மிதிபட்ட பயிர் அல்ல, வணங்கிய பயிர். அரசரை வணங்கிய பயிரை அறுப்பதோ, நிமிர்த்துவதோ, அந்த இடத்தில் மறு நடவு செய்வதோ அவமதிப்பு. அங்கே மஞ்சள் கொடி நட்டுவைக்க வேண்டும். இதனால் முன்பு மிதிபட்டதில் பாதியையாவது தேற்றி அறுத்தவர்கள், இப்போது முழுவதையும் அழுகவிட்டுக் கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இரண்டாவது ஆணை அடுத்த ஆண்டு வந்தது. தண்டோராக்காரன் அதை நிறுத்தி நிறுத்திப் படித்தான். நீச்சல் அறியாதவன் ஆற்றைக் குறை கூறுவது எப்படித் தகாதோ, அப்படியே சவாரி அறியாதவன் சவாரியைக் குறை கூறுவதும் தகாது. குறை சொல்ல விரும்புகிறவர்கள் தாராளமாகச் சொல்லலாம். குதிரை மேல் அமர்ந்து சொல்ல வேண்டும்.

ஊரில் ஒரு குதிரைகூட இல்லை.

அந்தப் பருவத்தின் சவாரியில் பின்னால் வந்த சாம்பல் நிறக் குதிரை ஒன்று சிலம்பாயியின் வயல் சேற்றில் வழுக்கி விழுந்தது. ஏறி வந்தவனை வேறு குதிரையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். விழுந்த குதிரையை இப்படி விட்டுப் போகலாமா என்று ஊர்க்காரர்கள் மணியக்காரரிடம் கேட்டார்கள். அரண்மனைக் குதிரைகள் விழுவதில்லை என்று மணியக்காரர் விளக்கினார். எனவே விழுந்து கிடப்பது அரண்மனைக் குதிரை அல்ல.

சிலம்பாயி அதன் காலுக்குப் பற்றுப் போட்டாள். தவிடும் கொள்ளும் வைத்தாள். தன் பயிரை மிதித்த கால்தான் என்று தெரிந்துதான் செய்தாள். வலியில் அது முனகியபோது அவளால் சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் எழுந்து நின்றது.

பக்கத்து வயல்காரன் அம்பலத்தான்தான் முதலில் அந்த யோசனையைச் சொன்னான்.

"அக்கா, குதிரை மேல உக்காந்து சொன்னாத்தானே கேப்பாங்க. நம்மகிட்ட இப்போ குதிரை இருக்கு."

அவனே ஏறிப் பார்த்தான். குதிரை உதறித் தள்ளியது. இன்னும் மூன்று பேர் ஏறி விழுந்தார்கள். சோறு போட்டவளை மட்டும் அது ஏற விட்டது. ஆகவே ஐம்பது வயதுக்கு மேல் சிலம்பாயி குதிரை ஏறக் கற்றாள். இடுப்பு நொந்தது. தொடை உரிந்தது. நான்கு முறை விழுந்தாள். ஐந்தாம் முறை விழாமல் ஏரிக்கரை வரை போய்த் திரும்பியபோது ஊரே கரையில் நின்றது. யாரும் கை தட்டவில்லை. எல்லோர் முகத்திலும் நம்பிக்கை இருந்தது. அதைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

அடுத்த ஆண்டுப் பயிரில் பால் பிடிக்கும் முன்னரே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று ஊர் அவளை அனுப்பிவைத்தது. தலைநகர் மூன்று நாள் வழி. சாலையில் ஏறியதும் காவலன் தடுத்தான். இறங்கிக் குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறேன் என்று கேட்டுப் பார்த்தாள். நீங்கள் நடக்கலாம், குதிரை நடக்கக் கூடாது என்றான் அவன், மரியாதையாகவே.

வேறு வழியில்லாமல் வரப்பில் போனாள். வரப்பு ஒரு சாண் அகலம். குதிரைக்கு அது போதவில்லை. முதல் முறை அதன் கால் வயலுக்குள் இறங்கியபோது தன் மேலேயே மிதித்தது போல அவளுக்கு உடம்பு கூசியது. இறங்கி, சாய்ந்த பயிரை நிமிர்த்திவைத்துவிட்டு ஏறினாள். நான்கைந்து வயல் அப்படிச் செய்தாள். பிறகு பொழுது சாயத் தொடங்கியது, இன்னும் வெகுதூரம் இருந்தது.

இரண்டாம் நாள் ஒரு வயலின் நடுவில் ஒருவன் கையைக் குறுக்கே நீட்டி நின்றான். குழந்தையன் என்று பெயர் சொன்னான். அவன் வயலில் ஏற்கெனவே ஏழு மஞ்சள் கொடிகள் நின்றன.

"நீயும் ஆரம்பிச்சுட்டியா தாயி?" என்றான்.

அவள் விளக்கினாள். தானும் பயிர் வைக்கிறவள்தான். இந்தச் சவாரியை நிறுத்தச் சொல்லத்தான் போகிறாள். அவனுக்கும் சேர்த்துத்தான் பேசப் போகிறாள்.

"இந்த வழியா போறவங்க எல்லாரும் அப்பிடித்தான் சொல்லிட்டுப் போறாங்க" என்றான் குழந்தையன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கையை இறக்கிக்கொண்டு வரப்பேறி, பழக்கத்தால் தலையைக் குனிந்துகொண்டான். அவள் கடந்து போனாள்.

மூன்றாம் நாள் இன்னும் பலர் பேசினார்கள். ஒருத்தி மண் கட்டியை எடுத்து எறிந்தாள். ஒரு கிழவர், பெண் பிள்ளை குதிரை ஏறினால் நாடு இப்படித்தான் போகும் என்றார். ஆரம்பத்தில் நின்று நின்று பதில் சொன்னாள். மதியத்துக்குப் பின் நிற்கவில்லை. இவர்களுக்காகத்தான் இந்த இடுப்பு வலியோடு போகிறோம், இவர்களுக்கு அது எங்கே தெரிகிறது என்று மனத்துக்குள் ஓடியது. கோட்டைக் கோபுரம் கண்ணில் பட்ட பிறகுதான் கவனித்தாள், வெகுநேரமாக அவள் கீழே பார்க்கவே இல்லை. குதிரை மேலிருந்து பார்க்கும்போது வயல் எல்லாம் ஒரே பச்சையாக இருந்தது. மிதிபட்டதும் மிதிபடாததும் தெரியவில்லை. பார்வை தானாகவே தூரத்துக்குத்தான் போனது.

குறை கேட்கும் மண்டபத்தின் சாளரம் குதிரை மேல் அமர்ந்தவரின் முகத்துக்கு நேராக வைக்கப்பட்டிருந்தது. உள்ளே பெரும் அலுவலர் நெடுமொழியார் இருந்தார். அவளை முழுதாகப் பேசவிட்டார். குறுக்கிடவில்லை. ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டார். இத்தனை ஆண்டில் அவள் சொன்னதை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"அம்மையார் அவர்களின் குறை முறையாக ஏற்கப்பட்டது" என்றார் நெடுமொழியார். "தங்கள் மீதும் வழிநெடுகிலிருந்து பதினோரு குறைகள் வந்துள்ளன. கவலை வேண்டாம். கூறியவர்கள் அனைவரும் தரையில் நின்று கூறியிருக்கிறார்கள். தள்ளுபடி செய்துவிட்டோம்."

அவள் அரசரை நேரில் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றாள். இந்த ஆண்டுச் சவாரியை மட்டுமாவது அவர் நிறுத்திவைத்தால் போதும்.

நெடுமொழியார் எழுதுகோலைக் கீழே வைத்தார். "மன்னர் பெருமான் குதிரை ஏறி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. முதுகுவலி. வைத்தியர் தடுத்திருக்கிறார்."

"அப்போ எங்க வயல்ல வர்றது யாரு?"

அவர் முற்றத்தைக் காட்டினார். தண்ணீர்த் தொட்டி அருகே பத்து இருபது பேர் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்கள். நாட்டின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் குறை சொல்ல வந்தவர்கள் அவர்கள் என்றும், குடிகளின் துயரத்தை அறிந்தவர்களே குடிகளின் நலத்தைக் காணத் தகுந்தவர்கள் என்பதால் சவாரியை அவர்களிடமே மன்னர் ஒப்படைத்துவிட்டார் என்றும், தெற்குத் திசைக்கு ஓர் இடம் காலியாக இருப்பதாகவும் நெடுமொழியார் சொன்னார். சொல்லும்போது அவர் குரலில் உண்மையான பெருமை இருந்தது.

தொட்டியடியிலிருந்து ஒருவன் சிரித்துக்கொண்டே வந்தான். உடம்பு போட்டிருந்தது. நல்ல பட்டுத் தலைப்பாகை. குரலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. கொம்பையன்.

"நல்லா இருக்கீங்களா அக்கா. குறை சொல்லக் குதிரை வேணும்னாங்க, அவங்களே ஒண்ணு குடுத்தாங்க. அப்பிடியே இருந்துட்டேன்." கொஞ்சம் தயங்கினான். "உங்க வயல்ல மட்டும் நான் ஓரமாத்தான் போவேன். கவனிச்சிருப்பீங்க."

அவள் கவனித்ததில்லை. தலை குனிந்து நின்றிருந்தாள். தங்கப்பூவும் பக்கத்து வரப்பில் அப்படித்தான் நின்றிருந்தாள்.

"முதல்ல ரெண்டு மூணு நாள் மனசுக்கு ஒரு மாதிரி இருக்கும்" என்றான் கொம்பையன். "அப்புறம் பழகிரும்."

பழகத் தொடங்கிவிட்டது என்பதை அவனிடம் அவள் சொல்லவில்லை. குதிரையை விட்டு இறங்கினாள். அது ஏறுவதைவிடச் சிரமமாக இருந்தது. தரையில் நின்றதும் சாளரம் தலைக்கு மேலே போய்விட்டது. உள்ளிருந்து நெடுமொழியாரின் குரல் மட்டும் கேட்டது. அம்மையார் இறங்கினால் அம்மையாரின் குறையும் இறங்கிவிடும் என்று வருத்தத்தோடு தெரிவித்துக்கொண்டார். அவள் கடிவாளத்தைக் கொம்பையன் கையில் கொடுத்தாள். குதிரைக்குக் கொள்ளு ஊறவைத்துக் கொடுக்கும்படி சொன்னாள்.

திரும்பும்போது சாலையில் நடந்தாள். நடப்பவர்களை யாரும் தடுக்கவில்லை. குழந்தையன் வயலருகே சாலையை விட்டு இறங்கினாள். எட்டாவது கொடி நட்டிருந்தது. பக்கத்தில் அவள் குதிரையின் குளம்புத் தடம். சேற்றில் இறங்கி, சாய்ந்த பயிரை நான்கு நான்காகச் சேர்த்து நிமிர்த்தி, வைக்கோல் கயிற்றால் கட்டத் தொடங்கினாள். அது குற்றம் என்று இருவருக்கும் தெரியும். குழந்தையன் வெகுநேரம் வரப்பில் நின்று பார்த்தான். அவளை அவன் மன்னிக்கவில்லை. ஆனால் கயிறு தீர்ந்தபோது இன்னும் கொஞ்சம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

ஊர் வந்து நடந்ததைச் சொன்னாள். யாரும் நம்பாமல் இல்லை, முழுதாக நம்பவும் இல்லை. தங்கப்பூ மட்டும் கிட்டே வந்து, "நல்லா இருக்காரா?" என்று கேட்டாள். நன்றாக இருக்கிறான் என்றாள் சிலம்பாயி. தங்கப்பூ தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கொம்பையன் ஆசைக்காரன், சிலம்பாயிக்கு வயதாகிவிட்டது, உறுதியான ஆள் ஒருவன் போயிருந்தால் கதையே வேறு என்று ஊர் பேசியது. கிடைத்த குதிரையைக் கோட்டை விட்டுவிட்டாள் என்றும் பேசியது. அவள் காதுபடவே பேசினார்கள். எங்கெங்கோ அலைந்து ஒரு செவலைக் குதிரையைக் கொண்டுவந்தார்கள். இந்த முறை அம்பலத்தானை அது தள்ளவில்லை.

புறப்பட்ட காலையில் ஊரே மாலை போட்டது. சாலையில் காவலன் நின்றான். அம்பலத்தான் குதிரையைத் திருப்பி, சிலம்பாயியின் வயல் வரப்பருகே கொண்டுவந்து நிறுத்தினான். கதிரில் அப்போதுதான் பால் பிடித்திருந்தது.

"மன்னிச்சுக்கங்க அக்கா. நம்ம எல்லாருக்காகவும்தான் போறேன். நான் மாற மாட்டேன்."

அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. கண் கலங்கித்தான் சொன்னான். அவள் களை எடுத்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து எழுந்து வரப்பேறினாள். இந்த முறை தலையைக் குனியவில்லை, நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

வயலின் நடுப்பகுதி வரைக்கும் அம்பலத்தான் கீழே பார்த்துக்கொண்டேதான் போனான்.