ஸ்பேர் சாரின் இரண்டாவது துப்பாக்கி

துப்பாக்கி லைசென்ஸ் கேட்டுப் போன இடத்தில் போலீஸ் அதிகாரியை வயிறு வலிக்கச் சிரிக்க வைத்த மனிதர், பர்மா முழுவதிலும் ஒருவர்தான் இருந்தார். இன்சீன் ரயில்வே பட்டறையில் ஸ்டோர் கிளார்க். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அவர் ‘ஸ்பேர்’ சார்.

ஏற்கெனவே ஒரு கைத்துப்பாக்கி வைத்திருந்தவர், அச்சு அசலாக அதே மாதிரி இன்னொன்றுக்கு விண்ணப்பம் போட்டார். “ரெண்டாவது எதுக்கய்யா?” என்று அதிகாரி கேட்டிருக்கிறார்.

“மொதலாவதுக்கு ஸ்பேர், சார்.”

அதிகாரி சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாராம்.

அவரிடம் எல்லாமே இரண்டு. குடை இரண்டு. மூக்குக் கண்ணாடி இரண்டு. ஒன்று மூக்கில், ஒன்று பையில். செருப்பு வாங்கினால் ஒரே அளவில் இரண்டு ஜோடி. இடதுகாலை அழுத்தி நடப்பவர் என்பதால், ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் வீட்டில் இரண்டு வலதுகால் செருப்புகள் புத்தம் புதிதாக மிச்சமிருக்கும். அவர் மனைவி மேரி அக்கா என்னிடம் ஒருமுறை சொன்னார்: “பொண்ணு பாக்க வந்தப்பவே, எனக்குத் தங்கச்சி இருக்கான்னு தரகர்கிட்ட கேட்டாராம். அன்னைக்கே நான் சுதாரிச்சிருக்கணும்!”

அறுபதுகளின் தொடக்கம். நான் அதே பட்டறை அலுவலகத்தில் டைப்பிஸ்ட். மிங்கலாடோனில் விமான நிலையத்துப் பக்கம் ஒரு துப்பாக்கி கிளப் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் காகித வட்டங்களைச் சுடுவார்கள். கொசுவுக்குக்கூடத் தீங்கு கிடையாது. எண்களைக் குறித்துக்கொள்ள, சுடத் தெரியாத, கையெழுத்து நன்றாக இருக்கிற ஓர் ஆள் வேண்டும் என்று ஸ்பேர் சார் என்னை இழுத்துக்கொண்டு போனார். “வாங்க சிஸ்டர், உங்களுக்குச் சுடத் தெரியாததுதான் பெரிய தகுதி.”

அங்கேதான் மரைக்காயரைப் பார்த்தேன். தேக்கு மர வியாபாரி. காயல்பட்டினத்திலிருந்து வந்த குடும்பம். அவருடைய துப்பாக்கி ஐரோப்பாவில் ஒரு கிழவர் தனியாக உட்கார்ந்து இரண்டு வருஷம் இழைத்துச் செய்தது. பிடியை மரைக்காயர் கைக்கே அச்செடுத்துச் செதுக்கியிருந்தார்கள். குழலின் மேல் வெள்ளிக் கொடி ஓடும். நீல வெல்வெட் பெட்டியிலிருந்து அதை அவர் எடுக்கிறபோது சுற்றி நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அந்தத் துப்பாக்கியின் விலையில் தின்கன்ஜூனில் ஒரு வீடு வாங்கலாம். நான் தின்கன்ஜூனில் வாடகைக்குக் குடியிருந்தவள் என்பதால் எனக்கு அது நன்றாக உறைத்தது.

ஸ்பேர் சாருடையது அமெரிக்கத் தொழிற்சாலையில் மூட்டை மூட்டையாகச் செய்து தள்ளுகிற ரகம். அதை அவர் ஒரு பிஸ்கட் டின்னில் கொண்டுவருவார். கூடவே ஒரு மிட்டாய் டின்; அதில் சுருள்கம்பி, திருகாணி, தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கிற ஊசி என்று அந்தத் துப்பாக்கிக்கு வேண்டிய சில்லறைச் சாமான்கள்.

ஒருநாள் மரைக்காயர் பெருந்தன்மையாகத் தன் துப்பாக்கியை அவர் கையில் கொடுத்தார். ஸ்பேர் சார் மூன்று தோட்டா சுட்டார். பிடி அவர் கைக்குப் பொருந்தாமலே மூன்றும் நடுவட்டம். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

“அருமை, மொதலாளி. சத்தியமா அருமை. விசையைத் தொட்டா பூவைத் தொட்ட மாதிரி இருக்கு.”

“கை வேலைன்னா அதுதான், ஓய்.”

“உள்ள ஊசி ஒடஞ்சா?”

“ஒடயாது.”

“ஒடஞ்சா?”

“செஞ்ச கெழவனுக்குக் காயிதம் போடுவேன்.”

“கெழவன் மவுத்தாயிட்டா?”

மரைக்காயர் துப்பாக்கியைப் பிடுங்கி வெல்வெட்டில் வைத்து மூடினார். அதோடு சண்டை ஆரம்பம்.

அடுத்த மாதமே கிளப்பில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். கையால் செய்த துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே இனிமேல் கோப்பைப் போட்டியில் இடம். ‘பஜார்த் துப்பாக்கி’க்காரர்கள் ஓரமாக நின்று பழகிக்கொள்ளலாம். பஜார்க்காரர்கள் என்றால் யார்? குமாஸ்தாக்கள், வாத்தியார்கள், ஒரு பஸ் டிரைவர். கிளப்பில் பாதிப் பேர். கிளப் செயலாளர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பர்மிய வழக்கப்படி எல்லாரும் அவரை சயாஜி என்போம். தகராறு பிடிக்காத மனிதர். “இந்த வருஷக் கோப்பை முடியட்டும், அன்று மாலையே ஓட்டெடுப்போம்” என்று தள்ளிவைத்தார்.

ஸ்பேர் சார் அன்றிலிருந்து அலுவலகத்தில் பேச்சைக் குறைத்துக்கொண்டார். மத்தியானத்தில் சாப்பாட்டுக் கேரியரை ஒரு கையில் நீட்டிப் பிடித்தபடி பத்து நிமிஷம் சிலை மாதிரி நிற்பார். கை நடுங்காமல் இருக்கப் பயிற்சியாம். வருகிறவர்கள் தங்களுக்குத்தான் கேரியரை நீட்டுகிறார் என்று நினைத்து, “வேணாம் சார், இப்பத்தான் சாப்பிட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

போட்டி நாள் வந்தது. மூன்று சுற்று, சுற்றுக்குப் பத்துத் தோட்டா. மற்றவர்கள் எல்லாம் முதல் சுற்றிலேயே பின்தங்கிவிட்டார்கள். மரைக்காயர் தொண்ணூற்று நான்கு. ஸ்பேர் சார் தொண்ணூறு. அதிலும் நடுவே அவர் துப்பாக்கியின் சுருள்கம்பி ஒன்று துள்ளிப் புல்லில் விழுந்தது. கூட்டம் சிரித்தது. “பஜார் சாமான்!” என்று யாரோ கத்தினார்கள். ஸ்பேர் சார் மிட்டாய் டின்னைத் திறந்தார், வேறு கம்பியை மாட்டினார், சுட்டார். ஒரு வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

இரண்டாவது சுற்றில் அவர் தொண்ணூற்று மூன்று, மரைக்காயர் தொண்ணூற்று ஒன்று. மொத்தத்தில் வித்தியாசம் இரண்டே இரண்டு. நான் பென்சிலை இன்னொரு தடவை கூர் சீவிக்கொண்டேன்.

மூன்றாவது சுற்று. மரைக்காயர் மூச்சை அடக்கி, குறி பார்த்து, விசையை இழுத்தார்.

டிக்.

அவ்வளவுதான். தோட்டாவை மாற்றினார். மறுபடியும் டிக். பிரித்துப் பார்த்தார்கள். ஊசி முனை ஒடிந்து கிடந்தது.

விதிப்படி ஐந்து நிமிஷம். அதற்குள் சரிசெய்யாவிட்டால் ஆட்டம் போச்சு. மரைக்காயர் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தப் பெரிய மனிதர் வெல்வெட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, காய்ச்சல்காரக் குழந்தையைப் பார்ப்பது போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பஜார்க்காரர்கள் பக்கம் ஒரே குதூகலம். பஸ் டிரைவர் விசிலடித்தார். ஸ்பேர் சார் மீதித் தோட்டாக்களை வானத்தைப் பார்த்துச் சுட்டிருந்தால்கூடக் கோப்பை அவருக்குத்தான்.

அவரோ பிஸ்கட் டின்னின் அடித்தட்டைத் திறந்து, இரண்டாவது துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மரைக்காயரிடம் போனார்.

“இந்தாங்க மொதலாளி.”

“என்ன ஓய் இது?”

“ஸ்பேர்.”

“கேலி பண்றியா?”

“கேலி இல்ல. நீங்க சுடாம நான் ஜெயிச்சா, ஊசி ஒடஞ்சதாலதான் ஜெயிச்சேன்னு ஊர் சொல்லும். எனக்கு அந்தப் பேச்சு வேணாம். எந்திரிங்க, நேரமாகுது.”

பஸ் டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். மரைக்காயர் சயாஜியைப் பார்த்தார். “விதியில் தடை இல்லை” என்றார் சயாஜி. மரைக்காயர் எழுந்தார்.

முதல் தோட்டா எட்டு. அடுத்தது ஒன்பது. மரைக்காயர் துப்பாக்கியை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார். அதன்பிறகு பத்து, பத்து, பத்து. நடுவில் இரண்டு ஒன்பது, மற்றதெல்லாம் பத்து. நான் கூட்டிப் பார்த்து, மறுபடியும் கூட்டிப் பார்த்து, எழுந்து நின்று படித்தேன். மரைக்காயர் தொண்ணூற்று ஐந்து. ஸ்பேர் சார் தொண்ணூற்று இரண்டு. கோப்பை மரைக்காயருக்கு.

“தொண்ணூத்தஞ்சா!” ஸ்பேர் சார் அலறினார். தொப்பியை மேலே வீசினார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுக் குதித்தார். “கேட்டீங்களா சயாஜி? வெல்வெட் துப்பாக்கில தொண்ணூத்தி நாலு, தொண்ணூத்தி ஒண்ணு! என் பஜார்த் துப்பாக்கில தொண்ணூத்தஞ்சு!”

கூட்டத்துக்கு ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. தோற்றவன் குதிக்கிறான், ஜெயித்தவர் திகைத்து நிற்கிறார். பிடிபட்டதும் எழுந்த சிரிப்பில் விமான நிலையத்துக் காக்கைகள் எல்லாம் பறந்திருக்கும். மரைக்காயரின் தீர்மானப்படி, அப்போது மரைக்காயர் கையிலிருந்த துப்பாக்கிக்கே மைதானத்தில் இடமில்லை!

“ஓட்டெடுப்போமா?” என்று சயாஜி மெல்லக் கேட்டார்.

மரைக்காயர் தன் கையைப் பார்த்தார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “ஓட்டும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். தீர்மானத்தைக் கிழிச்சுப் போடுங்க. ஓய் ஸ்பேர், என்னோடது நல்ல துப்பாக்கிதான்யா.”

“யாரு இல்லேன்னா, மொதலாளி? முழுசா இருக்கறப்ப அதுக்கு ஈடே இல்ல.”

இரண்டு பேரும் தோளில் கைபோட்டுக்கொண்டு மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கிற மொஹிங்கா கடைக்குப் போனார்கள். கிளப் முழுவதும் பின்னால் போனது. ஸ்பேர் சார் அந்தத் தொண்ணூற்று ஐந்தைக் கடைக்காரம்மாவிடம் பர்மிய மொழியில் சொன்னார். பக்கத்து மேஜைப் புத்த பிட்சுவிடமும் சொன்னார்.

திரும்பும்போது ரயிலிலும் அதே பேச்சு. நான் மடியில் கிளப் நோட்டைப் புரட்டிக்கொண்டு வந்தேன். அவர் கிளப்பில் சேர்ந்ததிலிருந்து சுட்ட எண்கள் எல்லாம் அதில் இருந்தன.

“சார், இன்னைக்கு நீங்க மொத்தம் எரநூத்தி எழுபத்தஞ்சு. இதுக்கு முன்னாடி எரநூத்தி அறுபதைக்கூட நீங்க தாண்டினது இல்ல.”

அவர் நோட்டை வாங்கிக் கண்ணுக்கருகே பிடித்துப் பார்த்தார். “நானா, சிஸ்டர்?” என்றார். பிறகு பையிலிருந்த இரண்டாவது கண்ணாடியை மாட்டி இன்னொரு தடவை பார்த்துவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

இன்சீன் வந்தது, அவர் இறங்கவேண்டிய இடம். நான் இன்னும் எத்தனையோ ஸ்டேஷன் போகவேண்டியவள். ஆனால் இவர் வீட்டுக்குப் போய் மரைக்காயரின் தொண்ணூற்று ஐந்தைத்தான் சொல்வார் என்று எனக்குத் தெரியும். இவர் எப்படிச் சுட்டார் என்று மேரி அக்காவிடம் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா? நானும் இறங்கினேன்.