யானைகளிடம் தோற்றதற்கு உப்புமாவே காரணம்

ஒரு காட்டில் கலைக் கல்லூரி ஒன்று இருந்தது. அதன் கூடைப்பந்து அணிக்கு வடிவு என்ற கீரிதான் கேப்டன். மற்றவர்கள் முயல், அணில், உடும்பு, காட்டுக்கோழி. இறுதிப் போட்டியில் அவர்களுக்கு எதிரே வந்து நின்றது மலையடிவாரக் கல்லூரி. ஐந்து பேரும் யானைகள்.

வடிவு சளைக்கவில்லை. யானைகளின் கால்களுக்கு நடுவே புகுந்து புகுந்து பந்தைப் பறித்தாள். ஆனால் பறித்த பந்தை மேலே எறிந்தால் ஒரு தும்பிக்கை நீண்டு, பழம் பறிப்பதுபோல் எடுத்துக்கொண்டு போனது. யானைகள் குதிக்கக்கூட இல்லை. நின்ற இடத்திலிருந்தே பந்தைக் கூடைக்குள் வைத்தன. கடைசி நிமிடத்தில் துரைக்கண்ணு என்ற முயல், ஒரு யானையின் முதுகில் ஏறி ஓடி ஒரு கூடை போட்டான். அவர்கள் எடுத்தது அது ஒன்றுதான்.

ஆட்டம் முடிந்ததும் யானைக் கேப்டன் தும்பிக்கையை நீட்டி, "நல்லா ஆடினீங்கம்மா" என்றார். மனதாரத்தான் சொன்னார். வடிவுக்கு அழுகை வந்தது.

மறுநாள் விசாரணை. முதல்வர் கரடி நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"ஏன் தோத்தீங்க?"

"அவங்க யானைங்க சார்."

"அது எனக்கும் தெரியும். காரணத்தைச் சொல்லு."

"அதுதான் சார் காரணம். நம்மைவிட உயரம், பலம். ஆட்டமும் நல்லாத் தெரியுது."

கரடி முகத்தைச் சுளித்தார். "யானை பெருசா இருந்துச்சுன்னு நிர்வாகத்துக்கிட்ட போய்ச் சொல்ல முடியுமா? யாரையாவது நீக்கினாத்தான் விசாரணை நடந்த மாதிரி இருக்கும். அந்த முயல் ஒருத்தர் முதுகுல ஏறினானாமே. ஒழுங்கீனம். அவனை நீக்கிடலாம்."

துரைக்கண்ணுவின் காதுகள் இரண்டும் தொங்கிப்போயின. விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவன். அணியிலிருந்து போனால் கல்லூரியை விட்டும் போக வேண்டியதுதான்.

வடிவு அதுவரை பொய் சொல்லிப் பழகாதவள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"சார், நேத்துக் காலையில ஹாஸ்டல்ல உப்புமா."

அறையில் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"கட்டி கட்டியா இருந்துச்சு சார். வயித்துல கல்லு மாதிரி உட்கார்ந்துடுச்சு. எழும்பவே முடியலை."

கரடியும் அதே உப்புமாவைத்தான் தின்றிருந்தார். "இதை முதல்லயே சொல்றதுக்கென்ன" என்றார். துரைக்கண்ணுவை விட்டுவிட்டு உப்புமாவை நீக்கினார்.

அடுத்த வாரம் ஹாஸ்டலில் நெய்ப் பொங்கல் போட்டார்கள். மாணவர்கள் வடிவைத் தோளில் தூக்கிக்கொண்டு கல்லூரியைச் சுற்றி வந்தார்கள். ஜெயித்த அணிக்குக்கூட அங்கே அப்படி நடந்ததில்லை.

அதன் பிறகு காண்டாமிருகங்களோடு ஒரு ஆட்டம் வந்தது. இந்த முறை எப்படியும் ஜெயிப்பதென்று வடிவு விடியலில் எழுந்து பயிற்சி எடுத்தாள். பஸ் கிளம்பும்போது ஹாஸ்டலே வாசலில் கூடிவிட்டது. ஒரு குரங்கு ஜன்னலோரம் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னது:

"அக்கா, காபி ரொம்பத் தண்ணியா இருக்கு. மனசுல வெச்சுக்கிட்டு ஆடுங்க."

நீதி: வென்றவர்களுக்கு வெறும் கோப்பைதான் கிடைக்கும், தக்க காரணத்தோடு தோற்றவர்களுக்கு நல்ல காபி கிடைக்கும்.