சுப்பராயலு கார்புரேட்டர் கழற்றிய படலம்

கெடிலக் கரைக் கரும்புக்காட்டு வேந்தே! நெல்லிக்குப்பம் ஆலைச் சங்கு ஊதும் முன் கண்விழிக்கும் நெடுந்தோளோய்! பத்து விரலிலும் கிரீஸ் மணக்கும் திருக்கரத்தோனே, சுப்பராயலு! உன் புகழ் பாடப் புகுந்தோம். சொல் இடறினால் பொறுத்தருள்க.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டின் தை மாதத்து முற்பகலில், அவ்வீரன் தன் வீட்டு வாசலில், தந்தைவழி வந்த செந்நிறச் சீமை டிராக்டரின் முன் ஸ்பானர் ஏந்தி நின்றான். டீசலைத் தீண்டாது பெட்ரோலை மட்டுமே பருகும் பழங்குல யானை அது. சில காலமாக அந்த யானைக்கு மூச்சுமுட்டல். கிளப்பினால் இருமும், ஏரைப் பூட்டினால் விம்மும், பாதி உழவில் படுத்துவிடும். முந்தின நாள் ஊரார் வரப்பேறி நின்று வேடிக்கை பார்க்க, மாடு பூட்டி அதை வீட்டுக்கு இழுத்துவர நேர்ந்தது. அந்த அவமானத்தைக் கூடவே நடந்து சுமந்தவள் அவன் இல்லக்கிழத்தி சௌந்தரம். வாசல் வந்ததும் அவள் முழங்கிய ஆணையாவது:

"நாளைக்கு பண்ருட்டிலேந்து காயலாங்கடை அய்யனாரு வர்றாரு. அவுரு வர்றதுக்குள்ள ஓடுச்சுன்னா இருக்கட்டும். இல்லன்னா லாரில ஏத்திவுடு, அவ்ளோதான்."

ஆகவே அன்று அவன் தொடங்கியது பழுதுபார்ப்பு அன்று, உயிர்மீட்கும் போர்.

பெட்ரோலும் காற்றும் கலந்து இன்ஜினுக்குள் புகும் வாயிற்கோட்டை கார்புரேட்டர். இரு கைக்குள் அடங்கும் அக்கோட்டையை வீரன் முற்றுகையிட்டான். பெட்ரோல் குழாயை அடைத்து, போல்ட்டுகளாகிய காவலரை ஒவ்வொருவராகத் தலைதிருகி வீழ்த்தி, அடிக்கிண்ணத்தைப் பிரித்து நோக்கினால், உள்ளே துருவும் வண்டலும் குழைந்த கருஞ்சேறு! அச்சேற்றின் மேலே, பெட்ரோல் செல்லும் ஒரே வழியாகிய பித்தளை ஜெட், எள்ளும் நுழையாத தன் துளை தூர்ந்து திணறிக்கொண்டிருந்தது. அகப்பட்டான் பகைவன்! அதைக் கழற்றிப் பெட்ரோலில் நீராட்டினான். கன்னம் புடைக்க, விழி பிதுங்க, போர்ச்சங்கு ஊதுவான்போல் ஊதினான். நாக்கு எரிந்ததே அன்றித் துளை திறந்திலது. ஊசியால் குத்தினால் துளை அகன்று காரியம் கெடும் என்றறிந்த நுண்மதியோன், பழைய ஒயரிலிருந்து மயிரிழைபோன்ற செம்புக் கம்பியொன்றை உருவி, மூச்சடக்கி, மெல்லச் செலுத்தினான். வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தான். ஜெட்டின் துளைக்குள் சூரியன் தெரிந்தான்!

அந்தோ, விதியே! கிண்ணத்துக்கும் மேல்மூடிக்கும் நடுவே கசிவு தடுக்கும் கேஸ்கெட், பிரித்தபோதே கிழிந்துபோயிருந்தது. அப்படியே வைத்து மாட்டினான், பெட்ரோல் ஒழுகியது. பல்லைக் கடித்து முறுக்கினான். இன்னும் தாராளமாக ஒழுகியது. ஸ்பானர் தாழ்ந்தது. அவ்வேளை தெருமுனையில், எமன் ஏறிவரும் எருமைக்கடாவின் கழுத்துமணிபோல், லாரியின் ஹார்ன் ஒலித்தது.

கழுத்தில் செல்போன் ஊசலாட வந்திறங்கினான் அய்யனார். முதற்கண் சௌந்தரத்தின் கையில் தடித்த அட்டை ஒன்றைத் தந்தான். "சிதம்பரத்துல ரெண்டாவது கடை தெறக்கறேங்க்கா. பத்திரிகை. அவசியம் வந்துடுங்க."

பின் டிராக்டரைச் சுற்றிவந்து, பின்சக்கரத்தில் ஓர் உதைவிட்டு, அதன்மேலேயே காலை ஊன்றினான். "செத்த மாட்டுக்கு வைத்தியம் பாத்துக்கிட்டு இருக்கியே மாமா! வெறும் இரும்பு இது. நாலு துண்டா அறுத்துட்டா ஏத்தறது சுலபம்."

அறுப்பது என்ற சொல் சுப்பராயலுவின் நெஞ்சில் தைத்து நின்றது. அவன் தந்தை அமர்ந்து உழுத இருக்கையை அவன் கை தானே தடவிக்கொடுத்தது. அதைக் கண்டாள் சௌந்தரம். கண்டதும், ஆடிக்காற்றில் மூண்ட கரும்புச்சருகுத் தீயென எழுந்தாள்.

"யோவ், கால எடு! எங்க வூட்டு வண்டிய நான் திட்டுவேன், அவுரு திட்டுவாரு. நீ யாருய்யா ஒதைக்கறதுக்கு?"

அய்யனார் திகைத்துக் காலை எடுத்தான். அவளோ கையிலிருந்த பத்திரிகையை விரலால் மடக்கிப் பார்த்தாள், தடிப்பு போதும். உள்ளே சென்று கத்தரிக்கோலோடு வந்தாள். "அந்தக் கிழிஞ்சத இங்க குடு. இன்னா அளவு?" என்றாள். சிதம்பரம் கடையின் திறப்புவிழா, இடம், நாள், நல்வரவு யாவும் அவள் கத்தரியில் வளைந்து வளைந்து கேஸ்கெட் வடிவம் கொண்டன. ஆணியால் துளைகளும் இட்டுக் கணவனிடம் நீட்டினாள். பத்திரிகைக்கு உரியவன் கண்முன்னே, வீரன் அதை வைத்து முறுக்கினான். குழாயைத் திறந்தான். ஒரு சொட்டும் ஒழுகவில்லை!

முன்னே சென்று கைப்பிடியைப் பற்றிச் சுழற்றினான். யானை இருமியது. மீண்டும் சுழற்றினான்; தும்மியது. குலதெய்வத்தை நெஞ்சில் இருத்தி, தோள் கழலுமாறு இன்னொரு முறை சுழற்றினான். இடியென முழங்கியது டிராக்டர்! கோழிகள் கூரையேறின, புகை விண்ணேறியது, அய்யனார் ஏதோ சொல்லி வாயசைத்தது எவர் செவிக்கும் எட்டாமற் போக, வெறும் லாரி வந்தவழியே திரும்பியது. வாகை சூடிய வீரன், எண்ணெய் வழியும் இரு கரங்களையும் விரித்து, கண்கள் பனிக்க, தன் தேவியின் திருவாய்மொழிக்குக் காத்து நின்றான்.

"பெட்ரோல் நாத்தம் தாங்கல, போயி குளி" என்றாள் சௌந்தரம்.