கூன்வண்டும் பட்டுச்சட்டையும்

உலகத்துக்கு நல்லது செய்தே தீருவது என்று புறப்பட்டவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். அவர்கள் கையில் ஒரு நோட்டுப்புத்தகமும் இருந்துவிட்டால் பயம் இரட்டிப்பாகிவிடும். இருபத்தைந்து வயதில் நான் அப்படித்தான் இருந்தேன். சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் வேறு வாங்கியிருந்தேன்.

காமயகவுண்டன்பட்டிக்கு வெளியே, சுருளிவேல் மாமாவின் தென்னந்தோப்பு ஓரத்தில் எங்கள் நாய்க் காப்பகம் நடந்துவந்தது. (மாமா என்றால் சொந்த மாமா இல்லை, ஊர் முறைக்கு மாமா.) வண்டியில் அடிபட்டவை, கல்லடி வாங்கியவை, குட்டி போட்ட குற்றத்துக்காக விரட்டப்பட்டவை என்று இருபத்திமூன்று நாய்கள். ஆரம்பத்தில் வந்த நாய்களுக்கு அரசியல் சட்டத்தின் முகப்புரையிலிருந்து பெயர் எடுத்து வைத்தேன்: நீதி, சமத்துவம், சகோதரத்துவம். (சுதந்திரம் என்றும் ஒன்று இருந்தது. அது முதல் வாரமே வேலியைத் தாண்டிப் போய்விட்டது.)

ஐப்பசி மாதத்தில் ஒருநாள் மாமா வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சொன்னார்:

"தேங்கா பொறுக்க ஆளு வரமாட்டேங்குது தாயி. இருபத்திமூணும் ஒண்ணாச் சேந்து கொலைக்குது. கோம்பைச் சாதி நாயின்னாலும் நாலு பேருகிட்டச் சொல்லிக்கலாம். இது பூராம் பஸ் ஸ்டாண்டு நாயி. தை பொறந்ததும் எடத்தக் காலி பண்ணிக் குடுத்துருங்க."

இருபத்திமூன்று நாய்களைக் கூட்டிக்கொண்டு நான் எங்கே போவது? எங்கள் வீட்டில் என் சைக்கிளுக்கே இடமில்லை. அன்று முழுவதும் யோசித்து, மறுநாள் காலை மாமாவிடம் ஒரு திட்டத்தோடு போனேன்.

அந்த வருடம் அவர் தோப்பில் சிவப்புக் கூன்வண்டு விழுந்து பதினொரு மரங்கள் போயிருந்தன. இந்த வண்டின் புழு, மரத்துக்குள் இருந்தபடியே தின்னும். வெளியே மரம் மாப்பிள்ளை மாதிரி நிற்கும். உச்சி சாய்ந்த பிறகுதான் விஷயம் தெரியும்; அதற்குள் வண்டு பக்கத்து மரத்துக்குக் குடிபோயிருக்கும். புழு அரித்த மரத்தின் வாசனையை நாயால் முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியும் என்று நான் படித்திருந்தேன். எங்கள் நாய்களில் ஒன்றைப் பழக்குகிறேன், அது பாதித்த மரத்தைக் காட்டட்டும், அதன்பிறகு முடிவு செய்யுங்கள் என்றேன்.

மாமா என்னையும் மரத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "அது மட்டும் நடந்துச்சுன்னா அஞ்சு வருசத்துக்கு எடம் ஒங்களுக்குத்தேன். பத்திரம் எழுதித் தாரேன்."

சமத்துவத்தைத் தேர்ந்தெடுத்தேன். கம்பம் பஸ் ஸ்டாண்டில் பரோட்டாக் கடை வாசலில் மீட்கப்பட்ட, ஒரு காது பாதியான செவலை நாய். ஊரார் அதைச் சுருக்கி 'சமத்து' ஆக்கியிருந்தார்கள். ஒரு உயிரிடம் அதன் சம்மதம் இல்லாமல் வேலை வாங்குவது அறமா என்று நான்கு நாட்கள் நோட்டில் எழுதி எழுதி ஆராய்ந்தேன். ஐந்தாம் நாள் வேகவைத்த கோழி ஈரல் ஒரு துண்டு காட்டினேன். சமத்து உடனே சம்மதித்தது.

பயிற்சி முறை எளிது. வரிசையாக ஆறு பிளாஸ்டிக் டப்பாக்கள், மூடியில் துளைகள். ஐந்தில் நல்ல தென்னஞ்சோறு, அதாவது மரத்தின் உள்ளே இருக்கும் மெத்தென்ற பகுதி. ஒன்றில் மட்டும் புழு அரித்த சோறும் செத்த புழுக்களும். சரியான டப்பாவின் முன் சமத்து உட்கார்ந்தால் ஈரல். கைவாசம் ஒட்டக்கூடாது என்று உறை மாட்டிக்கொண்டேன். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்றுகூடக் குறித்துவைத்தேன்.

புழு டப்பாவைப் பத்திரப்படுத்துவதுதான் பிரச்சினையாக இருந்தது. காப்பகத்தில் வைத்தால் எறும்பு மொய்த்தது. வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

"ஃப்ரிட்ஜுல புழுவ வச்சேன்னா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்," என்றார் அம்மா. "அப்புறம் நீயும் புழுவும் சமைச்சுச் சாப்பிடுங்க."

ஆகவே அம்மாவுக்குத் தெரியாமல், இரும்பு பீரோவின் அடித்தட்டில், பட்டுப்புடவைகளுக்குப் பின்னால் டப்பாவை ஒளித்துவைத்தேன். அங்கே எறும்பு வரவே இல்லை. ஏன் வரவில்லை என்று அறிவியல் மனப்பான்மை கொண்ட நான் ஒருநாளும் கேட்டுக்கொள்ளவில்லை. மற்ற ஐந்து டப்பாக்களும் காப்பகத்திலேயே இருந்தன. தினமும் காலையில் புழு டப்பாவை மட்டும் பையில் போட்டு டவுன் பஸ்ஸில் கொண்டுபோவேன்.

மூன்றே வாரத்தில் சமத்து நாற்பது முறைக்கு நாற்பது முறை சரியாக உட்கார்ந்தது. நூற்றுக்கு நூறு வந்தால் முதலில் உன்னைச் சந்தேகப்படு என்று எங்கள் கல்லூரிப் பேராசிரியை ஒருவர் சொல்வார். அந்த வகுப்பில் நான் முன்வரிசையில் உட்கார்ந்து அதைக் குறிப்பெடுத்துக்கொண்டவள். மாமாவிடம் போய், "தயார்" என்றேன்.

நான் எதிர்பார்த்தது மாமா, அவர் மனைவி பாண்டியம்மா அத்தை, சமத்து, நான், நாலு மரங்கள். கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் தோப்பில் பந்தல் போட்டு, மைக் கட்டி, சிவப்பு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அக்கம்பக்கத்துத் தோப்புக்காரர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். தென்னை விவசாயிகள் சங்கத் தலைவர் பட்டுச்சட்டை, பட்டு வேட்டியில் நடுவில் அமர்ந்திருந்தார். என் அம்மா, மகள் மேடையேறப் போகிறாள் என்று, மாம்பழக்கலர் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். மேசைமேல் தட்டில் நான்கு பொன்னாடைகள் இருந்தன. (எங்கள் பக்கத்துப் பொன்னாடைகள் ஓய்வு அறியாதவை. ஒரு விழாவில் வாங்கியவர் பீரோவில் வைத்திருந்து, அடுத்த விழாவில் அடுத்தவருக்குப் போர்த்துவார்.)

"எதுக்கு மாமா இவ்வளவு?" என்றேன்.

"சும்மா இருத்தா. நாலு பேரு பாக்கட்டும். பஸ் ஸ்டாண்டு நாயின்னு என்னையவே கேலி பண்ணுனவக எல்லாம் வந்திருக்காக."

சமத்துவை அழைத்துக்கொண்டு தோப்புக்குள் நடந்தேன். முதல் வரிசை, ஒன்றுமில்லை. இரண்டாவது வரிசையிலும் ஒன்றுமில்லை. மூன்றாவது வரிசையில், அப்போதுதான் முதல் பாளை விட்டிருந்த ஒரு குட்டை ரக மரத்தின் அடியில் சமத்து மூக்கை நீட்டியது. சுற்றி வந்தது. பிறகு பொறுப்பான ஓர் அதிகாரியைப் போல் உட்கார்ந்து என்னைப் பார்த்தது.

கைதட்டல் எழுந்தது. மாமாவின் கண் கலங்கிவிட்டது. "வெளிய ஒரு பொட்டுக் காயம் இல்ல, பாத்தீகளா? உள்ளுக்குள்ள தின்னுக்கிட்டு இருக்கு," என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். மரம் அறுப்பவரை மெஷினை எடுத்துவரச் சொன்னார். இப்போதே அறுத்து, உள்ளே புழுவைக் காட்டி, மரத்தை இங்கேயே எரித்துவிடுவது என்று ஏற்பாடு.

நான் வெற்றிக் களிப்பில் சமத்துவின் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். அதற்கு ஈரல் தரவேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. கூலி வராத சமத்து, தான் காட்டியது போதவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டு பந்தலுக்குள் நுழைந்தது. கதர்ச் சட்டைக்காரர்களையும் டெரிகாட்டன் சட்டைக்காரர்களையும் கண்டுகொள்ளாமல் கடந்து, நேரே சங்கத் தலைவரின் முன்னால் போய் உட்கார்ந்தது.

"பாத்தியா, தலைவருக்கு மரியாதைய," என்றார் ஒருவர்.

தலைவர் மகிழ்ந்து சமத்துவின் தலையைத் தடவினார். ஈரல் வரவில்லை. சமத்து எழுந்து பொன்னாடைத் தட்டின் முன்னால் உட்கார்ந்தது. அங்கிருந்து, மகன் கல்யாணத்துக்கு எடுத்த பட்டு வேட்டியில் வந்திருந்த ஒரு திராட்சைத் தோட்டக்காரரிடம் போய் உட்கார்ந்தது. கடைசியாக என் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, இதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது என்பதுபோல் ஒருமுறை குரைத்தது.

"என்னடி இது, எனக்குள்ளயும் வண்டு இருக்கா?" என்றார் அம்மா.

பந்தலே சிரித்தது. பாண்டியம்மா அத்தை மட்டும் சிரிக்கவில்லை. அவர் என் அம்மாவின் முந்தானையை எடுத்து மோந்து பார்த்தார். தலைவரின் தோளருகே குனிந்து ஒருமுறை மூச்சை இழுத்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"ஆத்தா, அந்தப் புழு டப்பாவ வீட்டுல எங்கன வச்சிருந்த?"

"பீரோவுல அத்தை."

"துணிக்கு நடுவுல அந்துருண்டை கெடக்குமே."

"கெடக்கும்."

"போன வாரம் வண்டு அண்டாம இருக்க அந்த மரத்து மட்டை இடுக்குல நாந்தேன் அந்துருண்டையும் மணலும் வச்சேன். பாதி கீழ சிந்திருச்சு."

மூன்று வாரமாக நான் சமத்துவுக்குக் கற்றுக்கொடுத்தது கூன்வண்டை அல்ல, அந்துருண்டையை. அத்தை, நீயே சொல் என்பதுபோல் மைக்கைக் காட்டினார். தோப்புக்குள் மெஷினின் கயிற்றை இழுக்கும் சத்தம் கேட்டது. முதல் இழுப்பில் அது பிடிக்கவில்லை. இரண்டாவது இழுப்பிலும் பிடிக்கவில்லை.

அந்த இடைவெளியில் நான் நினைத்ததையும் சொல்லிவிடவேண்டும். வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன என்று நினைத்தேன். ஒருவேளை உள்ளே நிஜமாகவே புழு இருந்தால்? ஒரு பக்கம் ஒரு தென்னை. இன்னொரு பக்கம் இருபத்திமூன்று நாய்கள், ஐந்து வருடம். விளைவுகளை எடைபோடுவதில் தேர்ச்சி பெற்ற என் மனம் தராசைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. மூன்றாவது இழுப்பில் மெஷின் உறுமியது. மரத்தின் முதல் பாளை இன்னும் முழுதாக விரியக்கூட இல்லை.

மைக்கைப் பிடுங்கினேன். "நிறுத்துங்கள். பயிற்சியில் பயன்படுத்தப்பட்ட மாதிரிப் பொருளுக்கும் ஒப்பீட்டுப் பொருளுக்கும் இடையே, சேமிப்பு நிலையில் ஏற்பட்ட வேறுபாட்டின் காரணமாக…" என்று ஆரம்பித்தேன். (பதற்றத்தில் எனக்கு ஆய்வேட்டுத் தமிழ்தான் வரும்.) யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. மெஷின் மரத்தை நெருங்கியது.

அத்தை மைக்கை வாங்கினார். "ஏலே, மெசின அமத்து. நாயி வண்டுக்கு ஒக்காரல, அந்துருண்டைக்கு ஒக்காந்திருக்கு. மரத்துல ஒண்ணுமில்ல."

மெஷின் நின்றது. அந்த அமைதியில் தலைவர் தன் சட்டையைக் குனிந்து மோந்து பார்த்துவிட்டு, "நல்லவேள, என்னைய அறுக்காம விட்டாக," என்றார்.

மாமா போய் அந்த மரத்தடியில் நின்றுகொண்டார். நான் பின்னாலேயே போய், தையில் காலி செய்துவிடுகிறோம் என்றேன். கூடவே வந்த அத்தை குறுக்கிட்டார்.

"இவ டப்பா வச்ச எடத்த மறைச்சிருந்தா மரம் போயிருக்கும். நாம நாயத்தேன் திட்டியிருப்போம். தெரிஞ்சதும் ஓடியாந்து சொன்னால்ல. நாயிக இருந்துட்டுப் போகட்டும்."

"நாயிக இருக்கட்டும்," என்றார் மாமா, மரத்தைத் தடவிக்கொண்டே. "நாயி மேல எனக்கு ஒண்ணுமில்ல. அது சொல்லிக்குடுத்தத ஒழுங்காப் படிச்சிருக்கு. இந்தப் பிள்ள இனிமே அதுகளுக்கு எதையும் சொல்லிக்குடுக்காம இருந்தாச் சரி."

அதை அவர் வாய்வார்த்தையாக விடவில்லை. தையில் எழுதிய குத்தகைப் பத்திரத்தில், மேற்படி இடத்தில் நாய்களைப் பராமரிக்கலாம் என்பதற்குக் கீழே, 'நாய்களுக்கு எவ்விதப் பயிற்சியும் அளிக்கப்படமாட்டாது' என்று ஒரு வரி இருக்கிறது. அதற்குக் கீழே முதுகலைப் பட்டத்தோடு என் கையெழுத்து இருக்கிறது.

எனவே சமத்துவின் படிப்பு அந்துருண்டையோடு நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் யாராவது பீரோவைத் திறந்தால், "சமத்தக் கூப்பிடவா?" என்று அப்பா இன்றைக்கும் கேட்கிறார். என்னைப் பெண் பார்க்கப் போடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது, காலில் கட்டுப் போட்டிருந்ததால் சமத்துவும் வீட்டில்தான் இருந்தது. அரக்குப் பட்டில் உள்ளே வந்த மாமியார் முன்னால் நொண்டி நொண்டிப் போய், பவ்யமாக உட்கார்ந்தது.

"வாயில்லா ஜீவனுக்கே இம்புட்டு மரியாதையா வளத்திருக்கீகளே, பிள்ளைய எப்படி வளத்திருப்பீக," என்று அவர் அங்கேயே தாம்பூலத் தட்டை மாற்றச் சொன்னார். நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் கையைக் கிள்ளினார்.

கல்யாணமாகி மூன்று வருடமாகிறது. மாமியார் ஒருமுறை சாதாரண நூல்புடவையில் காப்பகத்துக்கு வந்தபோது சமத்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து, சுற்றிலும் எச்சிலும் முடியும் பறக்கும் அந்த இடத்துக்கு, போடியிலிருந்து இரண்டு பஸ் மாறி, அவர் பட்டு உடுத்தித்தான் வருகிறார்.