பெர்த்தோவுக்கு ஆங்கிலம் தெரியும்

“வெள்ளிக்கிழமைக்குள்ள அஞ்சு பாட்டும் இங்கிலீஷ்ல வந்தாகணும், பெர்த்தோ” என்று சொல்லி, ஒரு கட்டுக் காகிதத்தை இஸ்திரி மேசையின் ஓரத்தில் வைத்தார் தோன் ரூபென்.

பெர்த்தோ அப்போது பாட்டுக் குழுப் பையன் யாமிலின் வெள்ளைக் கால்சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“இங்கிலீஷ்லயா? எதுக்கு முதலாளி?”

“எதுக்காவா? நியூயார்க் கம்பெனிக்காரன் சரின்னுட்டான்யா! முழு ஆல்பமும் இங்கிலீஷ்ல. அப்புறம் ஆறு மாசம் அமெரிக்கா பூரா கச்சேரி. குழுவோட ஒரே ஒரு உதவியாளைத்தான் அனுப்புவானாம். அவனுக்கு இங்கிலீஷ் தெரிஞ்சிருக்கணுமாம். மயாமியில ஒருத்தன் இருக்கான், கூப்பிட்டுக்கலாம்னு பார்த்தேன். பசங்க அஞ்சு பேரும் ஒரே குரல்ல, நம்ம பெர்த்தோ அண்ணன் இருக்கும்போது வெளியாள் எதுக்குன்னு மல்லுக்கு நிக்கிறாங்க.”

“நானா?”

“நீதான் சிகாகோவுல மூணு வருஷம் இருந்தவனாச்சே. என்னய்யா கருகுற வாடை வருது?”

யாமிலின் கால்சட்டை முழங்காலில் இஸ்திரிப் பெட்டியின் அச்சு அழகாக விழுந்திருந்தது.

ஸ்பானிஷ்காரர்கள் இங்கிலீஷில் பாடினால் காசு கொட்டும் என்று கம்பெனிகளெல்லாம் ஒரே நேரத்தில் கண்டுபிடித்திருந்த வருடம் அது. நம் தீவின் பயமோனிலும் சந்தூர்சேயிலும் கிதார் தூக்கத் தெரிந்தவனெல்லாம் ஆங்கில அகராதி வாங்கினான். ‘சிங்கோ ஓலாஸ்’ குழுவுக்கும் அந்த யோகம் வந்ததில் ஆச்சரியம் இல்லை. ஐந்து பையன்களும் பார்க்க லட்சணமாக இருந்தார்கள், ஆடினார்கள், பாடக்கூடச் செய்தார்கள்.

பெர்த்தோவின் சிகாகோ விஷயம் வேறு. அவன் அங்கே மூன்று வருடம் இருந்தது உண்மைதான். ஆனால் இருந்த தெருவில் மளிகைக்கடைக்காரர் போன்ஸே ஊர்க்காரர். முடி திருத்துகிறவர் காகுவாஸ். வீட்டுச் சொந்தக்காரி, பாதிரியார், தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் எல்லாரும் ஸ்பானிஷ் பேசும் நம் தீவு ஆட்கள். மூன்று குளிர்காலத்தில் பெர்த்தோவிடம் இங்கிலீஷில் பேசிய ஒரே ஆள் ஒரு போலீஸ்காரன். அவனும் பேசியதைவிடக் கையைக் காட்டியதுதான் அதிகம். ஆனால் “வெளியே” போய்விட்டு வந்தவனுக்கு ஆங்கிலம் தெரியாது என்று நம் தீவில் யார் நம்புவார்கள்? ஊர் திரும்பிய அன்றே அத்தை கேட்டாள்: “இங்கிலீஷ் வந்துடுச்சாடா?” ஆமாம் என்று தலையாட்டினான். பதினான்கு வருடமாக அந்தத் தலையை நிறுத்த முடியவில்லை.

பையன்களுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது பெர்த்தோ இந்த வேலைக்கு வந்தான். மூக்கைத் துடைத்துவிட்டிருக்கிறான். மேடைக்குப் பின்னால் நின்று, பயத்தில் வாந்தி எடுத்தவனின் நெற்றியைப் பிடித்திருக்கிறான். அவர்கள் பறந்துபோய், தான் மட்டும் இஸ்திரிப் பெட்டியோடு இங்கே நிற்பதை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆகவே காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு மிஸ் ஹேசல் வீட்டுக்கு நடந்தான்.

மிஸ் ஹேசல் முப்பது வருடமாக அதே தெருவில் தேவ ஊழியம் செய்கிற அமெரிக்க அம்மாள். இரண்டு மொழியும் தெரியும். பாவம் என்றால் மட்டும் ஆகாது.

“இது என்ன பாட்டு, தம்பி?” என்றார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு.

“கல்யாணப் பாட்டும்மா. சொந்தக்காரங்களுக்கு.”

“கல்யாணத்துலயா இப்படியெல்லாம் பாடுவாங்க?”

“ஐ பெந்தீத்தோ, ஐயோ தெய்வமே, நீங்கதாம்மா கொஞ்சம் பார்த்து...”

அம்மாள் பார்த்தார். இரண்டே நாளில் ஐந்து பாட்டையும் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார். பெர்த்தோ அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒத்திகைக்குப் போனான்.

பையன்கள் காகிதத்தைப் பார்த்தார்கள். யாமிலின் முகம் சிவந்தது. தோள் குலுங்கியது. கெல்வின் கழிவறைக்கு ஓடினான். மற்ற மூவரும் சேர்ந்தாற்போல இரும ஆரம்பித்தார்கள்.

“என்னடா ஆச்சு?”

“ஒண்ணுமில்லண்ணே” என்றான் யாமில், கண்ணீரைத் துடைத்துக்கொண்டு. “தொண்டை கரகரங்குது.”

“நேத்து ஐஸ் போட்டுக் குடிக்காதீங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன், கேட்டீங்களா?” என்று ஐந்து பேரையும் வரிசையாக உட்கார வைத்து, சட்டையைக் கழற்றச் சொல்லி, நெஞ்சிலும் முதுகிலும் அல்கொலாதோ தைலத்தைத் தேய்த்தான் பெர்த்தோ. ஒத்திகை அறை ஆஸ்பத்திரி போல மணந்தது.

அந்த நேரம் பார்த்துக் குளிர்சாதனப் பெட்டியைப் பழுதுபார்க்க சார்ஜென்ட் குவேவாஸ் வந்தார். பதினெட்டு வருடம் அமெரிக்கப் பட்டாளத்தில் இருந்தவர். கீழே கிடந்த காகிதத்தை எடுத்துப் பார்த்தவர், பெர்த்தோவைத் தனியே நடைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“பசங்க ஊழியத்துக்குப் போறாங்களா?”

“இல்லையே, ஏன்?”

“பின்ன என்னய்யா இது? ‘நீயில்லாத என் படுக்கை’ங்கிறது ‘நீயில்லாத ஜெபக்கூட்டம்’னு இருக்கு. முத்தம் வர்ற இடமெல்லாம் ஆசீர்வாதம்! ‘உன்னை ஆயிரம் தடவை ஆசீர்வதிப்பேன்’னு பாடினா எந்தப் பொண்ணுய்யா திரும்பிப் பார்ப்பா?”

பெர்த்தோவுக்கு வேர்த்தது. “அது... அவசரத்துல எழுதினது சார்ஜென்ட். ஒரு தடவை சரிபாருங்களேன். எனக்கு எழுதறதுதான் தகராறு, பேசறது தண்ணி பட்ட பாடு.”

“குடு இங்க.”

நடையிலிருந்த குளிர்சாதனப் பெட்டியின் மேலேயே வைத்து அரை மணியில் எழுதி முடித்தார் சார்ஜென்ட். பிறகு விறைப்பாக நின்று வாசித்துக் காட்டினார். நடையின் மறுகோடியில் நடந்துகொண்டிருந்த ஒருவர் சட்டென்று நின்றுவிட்டார்.

“இது காதல் பாட்டுதானே சார்ஜென்ட்?”

“ஆமா. ‘நில்! திரும்பு! முத்தம் கொடு! நகராதே!’ தெளிவா இருக்கில்ல?”

“கொஞ்சம் கெஞ்சுற மாதிரி இருக்கக் கூடாதா?”

“கெஞ்சினா எவன் கேப்பான்?”

வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது. எது சரி என்று பெர்த்தோவுக்கு விளங்கவில்லை. முதல் பத்தி மிஸ் ஹேசல், இரண்டாம் பத்தி சார்ஜென்ட், மறுபடி மிஸ் ஹேசல் என்று மாற்றி மாற்றித் தொகுத்தான். தேவனும் பட்டாளமும் சேர்ந்து காப்பாற்றாமலா போய்விடும்?

தோன் ரூபென் காகிதத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். அந்தக் காலத்தில் எக்காளம் ஊதியவர், இங்கிலீஷோடு அவருக்குக் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை.

“நல்லா நீளமா இருக்கு” என்று பாராட்டினார்.

திங்கட்கிழமை நியூயார்க்கிலிருந்து கெஸ்லர் வந்து இறங்கினார். ஒலிப்பதிவை நடத்தப் போகிறவர். ஒட்டகம் போல உயரம், சாந்தமான முகம். ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, பையன்கள் பாடிய முதல் பாட்டைக் கேட்டார். ஆசீர்வாதம் முடிந்து ‘நில், திரும்பு’ வந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்தார். பெர்த்தோவைப் பார்த்து நிதானமாக, நீளமாக ஏதோ சொன்னார்.

பெர்த்தோ தலையாட்டினான். பிறகு பையன்களிடம் திரும்பினான். ஐந்து பேரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“என்ன சொல்றாருண்ணே?” என்றான் கெல்வின்.

“அவர் என்ன சொல்றாருன்னா... இன்னும் கொஞ்சம் நல்லா பாடணுமாம்.”

பாடினார்கள். இந்தத் தடவை சுருதி இறங்கியது, தாளம் நிதானமானது, நடுவில் வரும் கைதட்டலைக் காணோம். கெஸ்லர் கட்டை விரலை உயர்த்தினார்.

பெர்த்தோவுக்கே வியப்பாக இருந்தது. மறுபடி அவர் பேசினார், மறுபடி இவன் வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

“மனசுலேர்ந்து பாடச் சொல்றாரு.”

கெல்வின் ஒலிவாங்கியிலிருந்து இரண்டடி தள்ளி நின்றான். கட்டை விரல் உயர்ந்தது.

“அம்மாவை நெனச்சுக்கிட்டுப் பாடச் சொல்றாரு.”

மூன்றாவது பாட்டை விட்டுவிட்டு ஐந்தாவதைத் தொடங்கினார்கள். கெஸ்லர் எழுந்து நின்று கைகொடுத்தார். சிகாகோ வீணாகவில்லை, உள்ளே எங்கோ இங்கிலீஷ் ஊறிக் கிடந்திருக்கிறது என்று பெர்த்தோ நினைக்கத் தொடங்கியது அப்போதுதான்.

மதியம் ஆனதும் யாமில் வந்து தோளில் கைபோட்டான். “அண்ணே, லொய்ஸா ரோட்டுல அந்த நண்டு வடைக் கடை இருக்கில்ல, அந்த அல்கப்பூரியா சாப்பிட்டாத்தான் குரல் எழும்புது.”

“இங்க வாசல்லயே விக்கிறானேடா.”

“அது வேற ருசிண்ணே.”

போக ஒரு மணி, வர ஒரு மணி. பதிவு நடந்த மூன்று வாரமும் தினமும் போனான். அவன் திரும்பி வருவதற்குள் பாட்டில் ஒரு பகுதி பதிவாகி முடிந்திருக்கும். போட்டுக் காட்டுவார்கள். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “உச்சரிப்பு பரவாயில்லை” என்பான் பெர்த்தோ. பையன்களுக்கு உடனே இருமல் வந்துவிடும். தைலக் குப்பி மூன்று காலியாயிற்று.

இத்தனையும் நன்றாக நடந்ததுதான் வினையாகப் போயிற்று.

“வியாழக்கிழமை காலைல பதினோரு மணிக்கு நியூயார்க் வானொலி!” என்று குதித்துக்கொண்டு வந்தார் தோன் ரூபென். “போன்லயே நேரடிப் பேட்டி. அவங்க இங்கிலீஷ்ல கேப்பாங்க. நீ பசங்களுக்குச் சொல்லி, பசங்க சொல்றதை இங்கிலீஷ்ல அவங்களுக்குச் சொல்லணும். கம்பெனி முதலாளியே கேட்டுக்கிட்டிருப்பாராம்.”

பையன்களுக்குச் சொல்வது ஒரு பக்கம். அவர்கள் சொல்வதை இங்கிலீஷில் சொல்வது? பெர்த்தோ வியாழக்கிழமை காலை கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றான். வாயைத் திறந்து காட்டி, கையை விரித்தான்.

“குரல் போச்சா?” தோன் ரூபென் அலறினார். “இன்னிக்கா? சரி, பேட்டியைச் சாயங்காலத்துக்குத் தள்ளச் சொல்லிட்டு, அந்த மயாமி ஆளையே மத்தியான விமானத்துல வரச் சொல்லிடறேன். எப்படியும் அமெரிக்காவுக்குத் தொண்டை நல்லா இருக்கிற ஆள்தான் வேணும்.”

பெர்த்தோவுக்குக் குரல் உடனே திரும்பி வரப் பார்த்தது. வந்தால் பேட்டி, வராவிட்டால் மயாமி. நடுவில் நின்று விழித்தான்.

“இருங்க முதலாளி” என்று குறுக்கே வந்தான் யாமில். “யாரையும் கூப்பிட வேணாம். ‘யெஸ்’, ‘நோ’ எங்களுக்கே தெரியும். பத்து நிமிஷம்தானே? சிரிச்சே ஓட்டிடுவோம். அண்ணன் வேன்ல போய்ப் படுக்கட்டும்.”

“ஆமாண்ணே, இங்க குளிர்சாதனக் காத்து உங்களுக்கு ஆகாது” என்று கெல்வின் அவனை வாசல் வரை கொண்டுவந்து விட்டான்.

வேனில் படுத்தால் படுக்கையா கொள்ளும்? தீவில் எல்லாப் பிள்ளைகளும்தான் பள்ளியில் இங்கிலீஷ் படிக்கின்றன, மணி அடித்ததும் அதைப் பள்ளி வாசலிலேயே விட்டுவிட்டு வருகின்றன. இந்தப் பையன்கள் மட்டும் என்ன செய்யப்போகிறார்கள்? நியூயார்க்காரன் “உங்கள் அம்மா செத்துவிட்டாளா?” என்று கேட்டாலும் யாமில் சிரித்துக்கொண்டு “யெஸ்” என்பான். அமெரிக்காவே கேட்கும். கம்பெனி முதலாளி ஒப்பந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடுவார். பத்து வருடத்துக்கு மேல் தான் துடைத்து வளர்த்த ஐந்து முகங்களில் தானே கரி பூசிவிட்டோம் என்று நினைத்தபோது அவனுக்கு அழுகை வந்தது. நான் போகாவிட்டால் போகிறது, பிள்ளைகள் போகட்டும். கம்பளித் துண்டை உருவி எறிந்துவிட்டு உள்ளே ஓடினான்.

நடையில் காப்பிக் கூஜாவோடு க்ரூசிதா அம்மாள் நின்றுகொண்டிருந்தார். அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்லாருக்கும் காப்பி கொடுக்கிறவர்.

“ஷ்! எங்கப்பா ஓடுற? சிவப்பு விளக்கு எரியுது, தெரியல?”

“விடுங்கம்மா! பிள்ளைங்க மானம் போகுது!”

“உனக்குக் குரல் போச்சுன்னாங்களே?”

“குரலும் போகல, ஒண்ணும் போகல! எல்லாம் பொய்! அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்கும் தெரியாது! ஒரு வார்த்தை தெரியாது! சிகாகோவுல நான் கத்துக்கிட்டது பனியில வழுக்கி விழறது ஒண்ணுதான். கெஸ்லர் சார்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடப் போறேன், நீங்க வந்து, காப்பி குடுக்கறப்ப பேசுற மாதிரி கொஞ்சம் சைகையில...”

க்ரூசிதா அம்மாள் கூஜாவைக் கீழே வைத்தார். அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கதவை ஓர் அங்குலம் திறந்து பிடித்தார். உள்ளே யாமில் இங்கிலீஷில் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தான். கெல்வின் நடுவே ஏதோ சொல்ல, தொலைபேசியில் நியூயார்க்காரன் விழுந்து விழுந்து சிரித்தான்.

பெர்த்தோ கதவிடுக்கில் காதை வைத்தான்.

“ஐ பெந்தீத்தோ! கன்னியாஸ்திரிங்ககிட்ட ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து அடி வாங்கிப் படிச்ச பசங்கப்பா அவங்க” என்றார் க்ரூசிதா அம்மாள், கதவை மெதுவாகச் சாத்தியபடி. “உன் வேலை போயிடக் கூடாதேன்னு அவங்க ஊமை வேஷம் போட்டு, நீ வடை வாங்கப் போறப்ப பாட்டைத் திருத்திப் பாடறதாவது பரவாயில்ல, அந்தக் கெஸ்லருக்கு மாமியார் வீடு நம்ம மாயாகுவேஸ்ல, நம்மளவிட நல்லா ஸ்பானிஷ் பேசுறவரு, பசங்க கெஞ்சிக் கேட்டாங்கன்னு மூணு வாரமா அதை மறைச்சு மறைச்சு, இப்போ நீ இல்லாதப்பகூட என்கிட்டச் சைகையிலதான் காப்பி கேக்குறாரு!”