கூப்பர் சுத்த சைவம்

பூதப்பாண்டியின் வரலாற்றை இனி எழுதப்போகிறவர்கள் அதை இரண்டாகப் பிரித்துத்தான் எழுத முடியும்: கூப்பர் வருவதற்கு முன், கூப்பர் வந்த பின். ‘வரலாறு’ கொஞ்சம் பெரிய சொல்லோ என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. எங்கள் தெருவின் வரலாறு என்று மாற்றிப் பார்த்தேன். அப்போதும் சரியாகவே இருந்தது. ஆகவே ஊர் என்றே இருக்கட்டும்.

கூப்பர் ஒரு கோல்டன் ரெட்ரீவர். பெங்களூரில் வேலை பார்த்த ராஜகுமார் அத்தான் கனடாவுக்குக் கிளம்பும்போது காரை விற்றார், கட்டிலை விற்றார், நாயை மட்டும் ‘விற்க மனம் வராமல்’ எங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். மனம் வரவில்லை என்பது அவர் சொன்னது. வாங்க ஆள் வரவில்லை என்பது என் அக்கா ராஜி சொல்வது. எது உண்மை என்று தீர்ப்பளிக்கும் தகுதி எனக்கு இல்லை. இரண்டையும் எழுதிவிட்டேன்.

இத்தகைய உயர்குடி நாயை வளர்க்க விரும்பும் கண்ணியமான குடும்பங்கள் எதை எதிர்பார்க்க வேண்டும்?

முடியை எதிர்பார்க்கலாம். அது பொன்னிறமானது, எங்கும் நிறைந்தது. ரசத்தில் இருக்கும், தலையணையில் இருக்கும், திருநீற்றுக் கொப்பரையிலும் இருக்கும். அப்பா வெள்ளை வேட்டி கட்டிக் கோயிலுக்குப் போனால், அர்ச்சகர் “புது ஜரிகையா?” என்று விசாரிக்கிறார்.

காவலை எதிர்பார்க்கக் கூடாது. மின்சார மீட்டர் பார்க்க வந்தவரைக் கூப்பர் வாசலில் வரவேற்று, வாலை ஆட்டிக்கொண்டே மீட்டர் வரை வழிகாட்டியது. திருடன் வந்தாலும் பீரோ வரை போகும். பாரபட்சம் காட்டுவது அதன் இனத்தில் இல்லை.

ஆனால் அதன் தலையாய குணம் கொண்டுவந்து சேர்ப்பது. கவ்வினால் பப்படம்கூட நொறுங்காது. எந்தப் பொருளையும் மோந்து பார்த்து, அது யாருடையதோ அவர் காலடியில் கொண்டு வைக்கும். பால்காரர் மறந்துவிட்டுப் போன துண்டை அவர் தெருமுனை தாண்டுவதற்குள் சேர்ப்பித்தது. அடுத்த வீட்டிலிருந்து நாங்கள் இரவல் வாங்கி, திருப்பிக் கொடுக்க ‘மறந்தே’ போயிருந்த குழிக்கரண்டியையும் சேர்ப்பித்தது. அதற்காக அப்பா அதைத் திட்டினார். எதற்குத் திட்டுகிறார் என்று அதற்குப் புரியவில்லை. எனக்கும் அப்போது புரியவில்லை.

வந்த புதிதில் கூப்பர் இளைத்தது. கால்நடை டாக்டர் பார்த்துவிட்டு, “இறைச்சி கொடுங்க” என்றார். நாங்கள் சைவக் குடும்பம். வெங்காயம் சேர்த்ததையே அம்மை வெள்ளிக்கிழமை தொடமாட்டாள். அன்று மாலையே வீட்டில் அவசரக் கூட்டம் கூடியது. அப்பா தலைமை தாங்கினார்.

“இந்தப் படியைத் தாண்டி ஒரு எலும்பு வரப்பிடாது” என்றாள் அம்மை.

“அது நாயில்லாம்மா?” என்றாள் ராஜி.

“நாயா இருந்தா என்ன, நம்ம வீட்டு நாய்தானே. மக்களே, நீ அவியல் தின்னுவியா?”

கூப்பர் அவியல் தின்றது. எரிசேரி தின்றது. புளிசேரியை நக்கி, பாத்திரம் தேய்க்கும் வேலையை மிச்சப்படுத்தியது. ஆனாலும் இளைப்பு நிற்கவில்லை.

அப்போதுதான் என் அப்பா வள்ளிநாயகத்தின் தியாக வாழ்வு தொடங்கியது. பின்தெருவில் கிளீட்டஸ் மாமா இருக்கிறார், கீரிப்பாறை எஸ்டேட் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் வீட்டில் வேளாங்கண்ணி மாமி தினமும் ஏதாவது பொரிப்பாள். “நான் நாயைக் கூட்டிட்டு அங்க போறேன். அது தின்னட்டும். நான் மூக்கைப் பொத்திட்டுத் தள்ளி நிக்கேன். வந்து குளிச்சுட்டு உள்ள ஏறுகேன்” என்றார் அப்பா. ஒரு வாயில்லா ஜீவனுக்காக மாமிச வாடையைத் தாங்கிக்கொள்ள முன்வந்தவரை அம்மை கண் கலங்கப் பார்த்தாள்.

மழையானாலும் காற்றானாலும் அப்பா போனார். கூப்பருக்குக் கால் வலித்த அன்று, தனியாகவே போய் ‘நாளைக்கு வருகிறோம்’ என்று சொல்லிவிட்டு வந்தார். அதற்கு வெகுநேரம் ஆனது.

விசித்திரம் என்னவென்றால், கூப்பர் மேலும் இளைத்தது. அப்பாவுக்குச் சட்டைப் பொத்தான் பூட்ட முடியாமல் ஆனது. தியாகம் செய்கிறவர்களின் உடம்பு பூரிக்கும் போலும் என்று நினைத்தேன்.

எனக்கு மாலையில் நாகர்கோவிலில் டேலி கணக்கு வகுப்பு. ஒருநாள் கரண்ட் இல்லாமல் வகுப்பு நின்றுபோக, பின்தெரு வழியாக வந்தேன். கிளீட்டஸ் மாமா வீட்டுப் பின்வாசலில் அப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் கையில் ஒரு கோழிக்கால். எதிரே கூப்பர். அதன் வாயிலிருந்து எச்சில் மட்டும் ஒழுகிக்கொண்டிருந்தது.

முதலில் என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன்.

“மக்களே நந்தனா... உப்பு பாத்தேன்” என்றார் அப்பா. “நாய்க்கு உப்பு ஆகாதுல்லா.”

“முழுக் கோழிக்காலையா பாத்திய?”

“காலுலதான் உப்பு நல்லாப் பிடிக்கும்.”

“பின்ன கூப்பருக்குக் கறி எங்கப்பா?”

“எலும்பு தொண்டையில குத்தும். கறி சூடு. வெறுஞ்சோறு தின்னாச்சு, அது போதும்.”

கிளீட்டஸ் மாமா மீசைக்குள் சிரித்தார். “உங்க நாயி சைவம் மோளே. உங்க அப்பா கூடவே இருந்து பாத்துக்கிடுகாரு.”

அம்மையிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதற்குள் பெரிய விஷயம் ஒன்று வந்துவிட்டது. ராஜிக்கு நல்ல இடம் அமைந்தது. மாப்பிள்ளை ரதீஷ், திருவனந்தபுரத்தில் ஐ.டி. வேலை. அக்காவுக்குப் படம் பார்த்ததுமே பிடித்தது. பெரியவர்கள் அனுமதியோடு போனில் பேசத் தொடங்கினார்கள். பேசப் பேச அவளுக்கு இன்னும் பிடித்தது. ராத்திரி சாப்பாட்டில் உப்பு இல்லையென்றால்கூட ராஜி சிரித்தாள். அவள் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

ஒரே ஒரு நிபந்தனை. மாப்பிள்ளையின் அப்பா ஆறுமுகப்பெருமாள் கடும் சைவர். முட்டை உடைத்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாராம். தரகர் கிருஷ்ணமணி வந்து விவரம் சொன்னார்.

“வீட்ல நாய் உண்டுன்னு சொன்னேன். நாயும் சைவமான்னு கேட்டாவ.”

“நீரு என்ன சொன்னீரு?” என்றார் அப்பா.

“பிறப்பிலேயே சைவம்னு சொல்லிட்டேன்.”

“கொள்ளாம்” என்றார் அப்பா. அவர் முகத்தில் ஒரு நேர்மையான மனிதரின் நிம்மதி தெரிந்தது.

பெண் பார்க்கும் நாளில் கூப்பரைக் குளிப்பாட்டி, நெற்றியில் திருநீறு பூசினோம். உச்சிவெயிலில் கார் வந்து நின்றது. ரதீஷ்தான் ஓட்டி வந்தார். வெக்கையாக இருக்கிறதென்று கார்க் கதவைத் திறந்துபோட்டே உள்ளே வந்தார்கள். ஆறுமுகப்பெருமாள் உட்கார்ந்ததும் ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினார்.

“நான் யாரையும் குறை சொல்லமாட்டேன். ஆனா மாமிசம் தின்னவன் மூச்சுக்காத்து பட்டாலே எனக்குத் தலை சுத்தும். பஸ்ஸுல போறதையே விட்டுட்டேன்.”

“எனக்கும் அப்பிடித்தான்” என்றார் அப்பா. “ஆனா எனக்கு நெஞ்செரிச்சல்.”

அது உண்மை.

கூப்பரின் சைவம் நேரடியாக நிரூபித்துக் காட்டப்பட்டது. அம்மை ஒரு இலைத்துண்டில் அவியல் வைத்தாள். அது முருங்கைக்காயை மென்று சக்கையை ஒதுக்கி வைத்த அழகைப் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா கை தட்டினாள். பிறகு கூப்பர் ஆறுமுகப்பெருமாளிடம் போய் அவருடைய வலதுகை விரல்களை மோந்தது. மோந்துகொண்டே இருந்தது. கண்ணை மூடி ஒவ்வொரு விரலாக நக்கியது.

“வாயில்லா ஜீவனுக்கு மனுஷன் மனசு தெரியும்” என்றார் அவர், கையை இழுத்துக்கொண்டு.

“தெரியும், தெரியும்” என்றார் தரகர்.

ராஜி காப்பி கொண்டுவந்தாள். ரதீஷ் அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். எல்லாம் முறைப்படி நடந்துகொண்டிருந்தது. கூப்பர் மட்டும் எழுந்து வெளியே போனது. திரும்பி வரும்போது அதன் வாயில் ஒரு பொட்டலம் இருந்தது. வாழையிலை, அதன்மேல் செய்தித்தாள், அதன்மேல் நூல். கூடத்தின் நடுவே நடந்து வந்து, ஆறுமுகப்பெருமாளின் காலடியில் அதை வைத்து, அவர் முகத்தைப் பார்த்து வாலை ஆட்டியது.

பொட்டலத்தில் ஒரு பல்தடம் இல்லை. வாசனைக்கு மட்டும் பொட்டலத்துக்குள் இருக்கத் தெரியவில்லை. பொரித்த கோழி. மிளகு கொஞ்சம் தூக்கல் என்று எனக்கே தெரிந்தது, எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை. அப்பாவின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

“அது டிரைவருக்கு வாங்கினது” என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

“வண்டியை ரதீஷ்லா ஓட்டிட்டு வந்தாவ?” என்றாள் அம்மை. அவள் குத்திக்காட்டவில்லை. அவளுக்குக் குத்தத் தெரியாது. தெரியாததைக் கேட்டாள்.

ஆறுமுகப்பெருமாள் தொண்டையைச் செருமினார். “நாய் எங்கேயோ தெருவுல கிடந்ததைத் தூக்கிட்டு வந்திருக்கு.”

“ஆமா, ஆமா” என்று எழுந்தே விட்டார் அப்பா. “சவத்து நாய்க்கு இதே வேலை. தெருவில உள்ளதெல்லாம் தூக்கிட்டு வரும்.”

இங்கே ஒரு கணக்குச் சிக்கல் எழுந்தது. பொட்டலம் கூப்பருடையது என்றால் கூப்பர் அசைவம், நாங்கள் பொய்யர்கள். கூப்பர் சைவம் என்றால் பொட்டலம் அவர்களுடையது, அவர்கள் பொய்யர்கள். எந்தப் பக்கம் எழுதினாலும் மறுபக்கம் இடித்தது. இரண்டு அப்பாக்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படிப்பட்ட புரிதல் மிகுந்த பார்வையை நான் வேறெங்கும் கண்டதில்லை. பார்வை முடிவதற்குள் உடன்பாடு கையெழுத்தாகிவிட்டது.

“நாய் சைவம்தான்” என்றார் தரகர், அதை அறிவிக்கும் பொறுப்பை ஏற்று. “தூக்கிட்டு வந்துதே தவிர, தின்னல்லியே. பெங்களூர் வளர்ப்பு, அதான் ஒழுக்கம் போராது. நாயை எங்கேயாவது கொண்டு விட்டுட்டா நல்ல காரியம் தடையில்லாம நடக்கும்.”

“நாளைக்கே விட்டுருகேன்” என்றார் அப்பா.

“நம்ம ரெண்டு வீட்டுக்கும் அதான் மரியாதை” என்றார் ஆறுமுகப்பெருமாள்.

கூப்பருக்கு எதிராக வழக்கு, விசாரணை, தண்டனை எல்லாம் காப்பி ஆறுவதற்குள் முடிந்தன. அது இன்னும் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. பொருளை உரியவரிடம் சேர்த்த பிறகு யாராவது தட்டிக்கொடுப்பார்கள் என்பது அதன் அனுபவம்.

ராஜி காப்பித் தட்டை மேசையில் வைத்தாள். ரதீஷைப் பார்த்தாள்.

“நீங்க போன்ல எங்கிட்ட சொன்னியள்லா, வீட்ல எல்லாரும் கறி சாப்பிடுவோம், வெளிய சொல்ல மாட்டோம்னு. எனக்கு அதில ஒண்ணும் இல்லைன்னு நானும் சொன்னேன். இப்ப இவ்வளவுதான் கேக்கேன். அந்தப் பொட்டலம் யாருது?”

‘ஏட்டி’ என்று அப்பா பல்லைக் கடித்தார். ரதீஷ் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். அதில் அன்று நல்ல நாள் என்றுதான் போட்டிருந்தது.

“அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார்.

ராஜி காப்பித் தட்டைத் திரும்பக் கையில் எடுத்தாள். சாப்பாட்டில் உப்பில்லாத அன்றெல்லாம் சிரித்த அந்த முகம் எங்கோ போய்விட்டது. “அப்பம் எனக்கு இந்த இடம் வேண்டாம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை.

அவர்கள் கிளம்பினார்கள். பொட்டலத்தை யாரும் எடுக்கவில்லை. எடுத்தால் அவர்களுடையது என்றாகிவிடும். கார் தெருமுனை தாண்டியதும் அப்பா வெடித்தார்.

“ஒரு நாயால எம் மகளுக்கு வந்த நல்ல இடம் போச்சு! கெட்டுத் தொலைஞ்ச நாயி. இப்பமே கொண்டு விடுகேன்.” சங்கிலியை எடுத்தார்.

அம்மை கூடத்தின் நடுவே உட்கார்ந்து பொட்டலத்தின் நூலை அவிழ்த்தாள். வெள்ளிக்கிழமை வெங்காயம் சேர்த்ததைத் தொடாத கை அது. ஒரு நிமிடம் அப்படியே நின்றது. பிறகு எலும்பிலிருந்து கறியைப் பிரித்து, சிறு சிறு துண்டாக இலையில் ஒதுக்கியது.

“என்ன செய்யுக நீ? நம்ம வீட்டுக்குள்ளயா?” என்றார் அப்பா.

“தின்னு மக்களே” என்றாள் அம்மை, கூப்பரிடம். “இந்த வீட்ல இன்னைக்கு உள்ளதை உள்ளபடி சொன்னது நீ ஒருத்தன்தான்.”

கூப்பர் தின்றது. அப்பா சங்கிலியோடு நின்று, ஒவ்வொரு துண்டும் இலையிலிருந்து மறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோல்டன் ரெட்ரீவர் வளர்க்க விரும்பும் நல்ல சைவக் குடும்பங்களுக்கு நான் முடிவாகச் சொல்ல வேண்டியது இதுதான். நாய் அசைவமாகிவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். நாய் பிறப்பிலேயே சைவம் என்று தரகர் சொன்னதை அன்றைக்கு எல்லோரும் பொய் என்று நினைத்தோம். திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்துவிட்டேன், என் சந்தேகங்களையெல்லாம் கழித்தும் பார்த்துவிட்டேன்: அந்த மத்தியானம் வரை எங்கள் கூடத்தில் அம்மையைத் தவிர வேறு யாராவது சுத்த சைவமாக இருந்தார்கள் என்றால், அது அந்த நாய் மட்டும்தான்.