மேளத்தைக் குடித்த பேட்டரி

அரைகுறையாகத் தெரிந்தவனுக்கு இருக்கிற தைரியம் முழுதாகத் தெரிந்தவனுக்கு இருக்காது. எனக்கு அந்தத் தைரியம் இருபத்தாறு வயதில் உச்சத்தில் இருந்தது. அதனால்தான் என் கல்யாணத்தில், முகூர்த்தத்துக்குக் கால்மணி இருக்கும்போது, மாப்பிள்ளையைக் காணோம் என்று தேடினார்கள். மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாகப் பந்தலுக்குப் பின்னால் குந்தி, பேட்டரியைத் தட்டிக்கொண்டிருந்தான்.

அப்போது வடக்கனந்தலில் மைக் செட் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தேன். (கடை என்றால் இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஓர் ஆம்ப்ளிஃபயர், ஒரு டேப், மீதியெல்லாம் வாய்.) பெண் எடுத்தது கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டிய ஓர் ஊரில். மேளக்காரர்களுக்கு வெற்றிலை பாக்கு வைக்கக் கிளம்பிய மாமனாரைத் தடுத்தவன் நான்தான்.

"மேளம்லாம் எதுக்குங்க மாமா? எங்கிட்ட கேசட்டு கீது. கெட்டிமேளம் போட்டா மலைக்கு அந்தாண்ட கேக்கும்."

"ஊர்ல கரண்டே இல்லியே மாப்ள?"

"பேட்டரி கீதுங்க."

அவர் நம்பினார். பெண்ணையே நம்பிக் கொடுத்தவருக்கு இது பெரிய விஷயமில்லை. ஆனால் மகள் கழுத்தில் மேளச்சத்தம் இல்லாமல் தாலி ஏறினால் அந்த மனிதர் ஊருக்குள் தலை நிமிர முடியாது. அது எனக்கும் தெரியும். ஆகவே ஒன்றுக்கு இரண்டாகப் பேட்டரி கொண்டுபோவது என்று முடிவு செய்தேன். ஒன்று புத்தம் புதியது. மற்றது ஒரு டிராக்டரிலிருந்து வேண்டாமென்று கழற்றிப் போட்டது.

கள்ளக்குறிச்சியில் சார்ஜ் போடும் கடைக்காரர், பழையதை முழங்கையால் தள்ளினார். "இதுல ஒரு செல்லு அவுட்டுப்பா. இத்த புதுசோட சேத்துக் கட்டாத."

ஏன் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்துவிடுமே! பிளஸ்ஸை மைனஸோடு கோர்த்தால் பன்னிரண்டு வோல்ட் இருபத்துநாலாகும், ஆம்ப்ளிஃபயர் புகைந்துவிடும். பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் கட்டினால் வோல்ட் அதேதான், ஆனால் நிறைய நேரம் நிற்கும். இது எனக்கு மனப்பாடம். தவிர, எங்கள் வீட்டார் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வண்டி ஓட்டியவர்கள். புது மாடு வாங்கினால் அதைத் தனியாகப் பூட்டமாட்டார்கள், பழைய மாட்டோடு ஜோடி சேர்ப்பார்கள். ஒன்று தளர்ந்தால் மற்றது இழுக்கும். மாட்டுக்குப் பொருந்துவது பேட்டரிக்குப் பொருந்தாதா என்று நினைத்தேன்.

முதல் நாள் சாயங்காலமே மலையேறி, இரண்டையும் ஜோடி கட்டி, ஒரு பாட்டும் போட்டுப் பார்த்தேன். பிரமாதம். காலையில் அவசரம் வேண்டாமே என்று, கட்டியது கட்டியபடியே விட்டுவிட்டுத் தூங்கினேன். (இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

காலையில் முதல் பாட்டு ஜோராகப் பாடியது. இரண்டாவது பாட்டில், பாடிக்கொண்டிருந்த பெண்மணிக்கு மெல்ல மெல்ல ஆண் குரல் வந்தது. மணையிலிருந்து எழுந்து ஓடினேன்.

"மாப்ள எங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"பேட்டரியாண்ட குந்திக்கினு கீறாரு" என்றான் மச்சான் கோவிந்தன், என் வருங்கால மனைவியின் தம்பி. டேப்பை அமுக்கும் பொறுப்பை அவனிடம்தான் கொடுத்திருந்தேன்.

முனைகளைச் சுரண்டினேன், வயரை முறுக்கினேன். சற்று ஓய்வு கிடைத்ததாலோ என்னவோ குரல் பழையபடி பெண்ணானது. டேப்பை நிறுத்தச் சொல்லிவிட்டு, வெற்றி வீரனாக மணைக்குத் திரும்பினேன்.

தாலியைக் கையில் வாங்கினேன். "கெட்டிமேளம்!" என்று பெரியவர்கள் குரல் கொடுத்தார்கள். கோவிந்தன் பொத்தானை அமுக்கினான். டும் டும் டும் என்று கம்பீரமாகத்தான் ஆரம்பித்தது. பிறகு டு...ம் என்றது. அப்புறம் சேற்றிலிருந்து எருமை எழுந்திருப்பதுபோல ஒரு சத்தம். அதற்கப்புறம் அதுவும் இல்லை.

மாமனாரின் முகத்தைப் பார்த்தேன். வாழ்நாளில் அதுபோல் நான் வெட்கப்பட்டதே இல்லை. முதல் முடிச்சுகூடப் போடாமல் பேட்டரி இருந்த பக்கமே திரும்பிப் பார்த்தேன்.

அப்போது கோவிந்தன் தேங்காய், பழத்தைத் தரையில் கொட்டிவிட்டுத் தாம்பாளத்தை எடுத்தான். சமையல்காரர் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கிக் கொட்ட ஆரம்பித்தான். அதைப் பார்த்து ஒருவர் அண்டாவைத் தட்டினார், இன்னொருவர் குடத்தை. அந்தக் காதடைக்கும் களேபரத்தில் மூன்று முடிச்சும் போட்டேன். மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுதாரா சிரித்தாரா என்று கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.

பந்தி முடிந்ததும் பின்பக்கம் போய், ஆம்ப்ளிஃபயரின் வயரை ஆத்திரத்தோடு பிடுங்கி எறிந்தேன். மல்லிகா (அதாவது ஒரு மணி நேரத்துக்கு முன் மனைவியானவள்) பட்டுப்புடவையோடு வந்து பக்கத்தில் குந்தினாள். திட்டப்போகிறாள் என்று தயாரானேன். அவள் இரண்டு பேட்டரிகளையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தாள்.

"மைக் செட் வயரத்தான் புடுங்கிட்டீங்களே, அப்புறம் இந்தப் பழசு ஏங்க சுடுது?"

நானும் தொட்டேன். சுட்டது. உள்ளே லேசாகக் குமிழ் விடும் சத்தம் வேறு.

"புதுசு சும்மாதான் கீது" என்று யோசித்தவள், "ராத்திரி பூரா ரெண்டும் சேந்தேவா இருந்திச்சி?" என்றாள்.

ஆமாம், ஜோடி மாடு மாதிரி என்றேன்.

"ஜோடி மாடுன்னா ரெண்டும் வண்டிய இழுக்கும். இது இன்னாங்க, பக்கத்து மாட்டையே இல்ல குடிச்சிக்கினு கீது!"

இரண்டையும் பிரிக்கச் சொன்னாள். பிரித்து, ஒரு சின்ன பல்பை எடுத்துவந்து சோதித்தோம். புதியதில் மங்கலாக எரிந்தது. பழையதை அதோடு சேர்த்ததும் இன்னும் மங்கியது, பிரித்ததும் மீண்டது. "இன்னொரு தபா, இன்னொரு தபா" என்று அவள் கேட்கக் கேட்கச் சேர்ப்பதும் பிரிப்பதுமாக இருந்தோம். புதுப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஆசீர்வாதத்துக்குத் தேடிக்கொண்டு மறுபடியும் ஆள் வந்தது. எனக்கு அவள்மேல் ஆசை வந்தது தாலி கட்டியபோது அல்ல, அந்தப் பல்பு மங்கியபோதுதான்.

அதற்குப் பிறகு கடையில் எந்தப் பேட்டரியும் அவள் தொட்டுப் பார்க்காமல் வெளியே போனதில்லை. எனக்கு மட்டும் 'பேட்டரி மாமா' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

போன வருஷம் எங்கள் மகனுக்குக் கள்ளக்குறிச்சியில் கல்யாணம். மண்டபத்தில் கரண்ட் இருந்தது, ஜெனரேட்டர் இருந்தது, நாதஸ்வரம், தவில் எல்லாமே இருந்தன. "கெட்டிமேளம்" என்றதும் எல்லாம் சேர்ந்து முழங்கின. அத்தனை சத்தத்துக்கு நடுவிலும் முன்வரிசையிலிருந்து ணங் ணங் என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். தலை நரைத்த கோவிந்தன், மலையிலிருந்து மஞ்சப்பையில் போட்டு எடுத்துவந்த அதே தாம்பாளத்தைக் கரண்டியால் அடித்துக்கொண்டிருந்தான், என்னையே பார்த்தபடி.